‘சத்தம் இல்லை’ என்று எழுதிய சீட்டு

அந்தப் பட்டறையில் வண்டிகளின் நோயைக் கண்ணால் பார்ப்பவர்கள் பதினோரு பேர். காதால் பார்ப்பவர் ஒருவர்தான். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘சோதனை ஓட்டுநர்’ என்று இருந்தது. மேஸ்திரி முதல் வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் அவர் சத்தக்கா.

அவருக்கு வயது நாற்பத்தேழு. பழுது பார்த்து முடித்த வண்டியை நான்கு கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திடுவது அவர் வேலை. கிடங்குகளுக்குப் பின்னால் பெயர்ந்து கிடக்கும் சாலை, ஏழு வேகத்தடைகள், ஒரு பாலம், ஒரு மேடு, இவ்வளவுதான் பாதை. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத சத்தத்தோடு ஒரு வண்டி வந்துவிட்டால் மட்டும் மற்ற பதினோரு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி, “அக்காகிட்ட விடு” என்பார்கள்.

இங்கே வருவதற்கு முன் அவர் பதினோரு ஆண்டுகள் பள்ளி வேன் ஓட்டினார். பின்னால் இருபத்திரண்டு குழந்தைகள் இருப்பார்கள். திரும்பிப் பார்த்தால் முன்னால் போய் முட்டவேண்டியதுதான். ஆகவே எந்தப் பிள்ளை ஜன்னல் கொக்கியைக் கழற்றுகிறது, எது பக்கத்துப் பிள்ளையின் பென்சில் பெட்டியில் கை வைக்கிறது என்பதையெல்லாம் முதுகாலேயே கேட்கப் பழகிக்கொண்டார். “மூணாவது வரிசை, ஜன்னலோரம், கைய உள்ள எடு” என்று அவர் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் சொல்வார். அவருக்குத் தலைக்குப் பின்னால் கண் இருப்பதாகப் பிள்ளைகள் நம்பினார்கள். அங்கே இருந்தது காதுதான்.

பட்டறையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர் ஒரு சீட்டை வடிவமைத்தார். வெளிர்மஞ்சள் தாள், கரிநகலோடு. அதில் ஆறு கேள்விகள். எந்தச் சாலையில் வருகிறது? எந்த வேகத்தில்? வண்டி சூடாக இருக்கும்போதா, ஆறியிருக்கும்போதா? எந்தப் பக்கம் கேட்கிறது? என்ன செய்தால் நிற்கிறது? ஆறாவது, ஒரு வேண்டுகோள்: அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுங்கள்.

ஆறாவதில்தான் பெரிய மனிதர்கள் எல்லாம் நெளிவார்கள். கோட்டுப் போட்ட வழக்கறிஞர் ஒருவர், வரவேற்பறையில் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, “குர்ர்ர்… டொக்” என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சத்தக்கா சிரிக்கவில்லை. “டொக் ஒரு தடவையா, ரெண்டு தடவையா சார்?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பல் மருத்துவர் ஒருவர் மூன்று மாதமாக அவதிப்பட்ட ‘கடகட’வுக்குக் காரணம், பின்பெட்டியில் அவர் மறந்துபோன பல்செட்டு மாதிரிகள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் அவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன.

ஒன்பது ஆண்டுகளில் ஆயிரத்து நூற்று எண்பத்தாறு சீட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. அது ஒரு முறைகூடக் காலியாக விடப்பட்டதில்லை. இரும்பு அலமாரியின் இரண்டு தட்டுகளில், எண் வரிசை பிசகாமல், அவை அடுக்கப்பட்டிருந்தன. இதில் அவருக்குப் பெருமை உண்டு. அது நியாயமான பெருமைதான். ஆனாலும் ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆயிரத்து நூற்று எண்பத்தேழாவது சீட்டு ஒரு திங்கட்கிழமை காலையில் தொடங்கியது.

வந்தவர்கள் கணவனும் மனைவியும். அவர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். ஓய்வு பெற இன்னும் ஓராண்டு. ‘கணக்கு சார்’ என்று ஊரே அழைத்ததால் பட்டறையும் அப்படியே அழைத்தது. அந்த அம்மாள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டறையில் தொலைபேசி எடுப்பவர். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அலறுகிறவர்களிடமிருந்து முகவரியைப் பிரித்தெடுக்கும் வேலை. பத்தொன்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்துவந்தார்.

கணக்கு சார் புகார்களை எண்ணிட்டு எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஒன்று, ஆயில் மாற்ற வேண்டும். இரண்டு, பின்னால் எடுக்கும்போது ஒலிக்க வேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை. இரண்டு முறை வீட்டு கேட்டில் இடித்தாகிவிட்டது. மூன்று, மனைவி சொல்லும் சத்தம் (இருந்தால்).

“என்ன சார், இருந்தால்னு போட்டிருக்கீங்க?” என்றார் சத்தக்கா.

“நிரூபிக்காததை உண்மைன்னு எப்படிம்மா எழுதுறது? நாலு மாசமா சொல்றாங்க. பக்கத்துலயே உக்காந்து ஓட்டுறவன் நான். எனக்கு ஒரு சின்னச் சத்தம்கூடக் கேக்கல.”

“நான் கேட்டதைத்தானே சொல்றேன்” என்றார் அந்த அம்மாள். குரலில் சண்டை இல்லை. பல முறை சொல்லித் தேய்ந்த குரல்.

சத்தக்கா சீட்டை எடுத்தார். அந்த அம்மாளின் பதில்கள் அவருக்கு மிகவும் பிடித்துப்போயின. மேடு பள்ளமான சாலை. இருபதுக்குக் கீழான வேகம். வண்டி சூடானாலும் ஆறினாலும் ஒன்றுதான். மழுப்பல் இல்லாத, அளந்த பதில்கள்.

“எந்தப் பக்கம் கேக்குது?”

“என் பக்கம். எனக்குக் கீழ இருந்து வர்ற மாதிரி.”

“என்ன செஞ்சா நிக்குது?”

அம்மாள் தயங்கினார். “நான் கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்தா நிக்குது.”

கணக்கு சார் கையை விரித்தார். “பாத்தீங்களா? இவங்க நிமிர்ந்தா வண்டி வாய மூடிக்குதாம். வண்டி என்ன, என் கிளாஸ் பையனா?”

“வாயால போட்டுக் காட்டுங்க மேடம்.”

“கீச்” என்றார் அந்த அம்மாள், கொஞ்சமும் நெளியாமல். “மெல்லிசா. முடியற இடத்துல கொஞ்சம் மேல போகும். கீ…ச்.”

ஆயிரத்து நூற்று எண்பத்தேழு பேரில் இவ்வளவு தெளிவாகப் போட்டுக் காட்டியவர் இவர் ஒருவர்தான்.

இங்கே பட்டறையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வாயிலைத் தாண்டி உள்ளே வரும் எந்த வண்டியானாலும், முதல் காரியமாக, முன்னிருக்கைகள் இரண்டுக்கும் பிளாஸ்டிக் கவர் மாட்டப்படும். தலையணைக்கு உறை போடுவதைப் போல மேலிருந்து கீழே இழுத்து, தொங்கும் ஓரத்தை இருக்கையின் பக்கவாட்டு இடுக்குகளில் செருகிவிடுவார்கள். இது மேஸ்திரி கொண்டுவந்த சட்டம். எப்போதோ ஒரு வாடிக்கையாளரின் பால்நிற இருக்கையில் கிரீஸ் கையின் ஐந்து விரலும் பதிந்துவிட, அந்தக் கையெழுத்துக்கு மேஸ்திரி மூன்று வாரம் பதில் சொன்னார். அன்றிலிருந்து கவர் போடாத வண்டியின் கதவை யாரும் திறக்கக் கூடாது. வாடிக்கையாளர் சோதனை ஓட்டத்தில் ஏறக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

கவர் போட்ட அந்த வண்டியைச் சத்தக்கா சுற்றுப்பாதையில் மூன்று முறை ஓட்டினார். கீச் இல்லை. அந்த அம்மாள் சொன்னதை அவர் தட்டிவிடவில்லை. நிமிர்ந்தால் நிற்கிறது என்றால் எடையில் ஏதோ இருக்கிறது என்று கணித்து, மணல் மூட்டையை அந்த இருக்கையில் வைத்து ஓட்டினார். இல்லை. மேஸ்திரியை ஓட்டச் சொல்லித் தாமே அந்த இருக்கையில் அமர்ந்தார்; சாய்ந்தார், நிமிர்ந்தார், குலுங்கினார். இல்லை. இருக்கையின் தண்டவாளங்களுக்கு கிரீஸ் வைத்தார். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தாங்கும் கைகளின் ரப்பர் புஷ்களில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஆட்டிப் பார்த்தார். பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார். நீண்ட கம்பியின் ஒரு முனையை இரும்பில் ஊன்றி மறுமுனையைக் காதோரம் வைத்து, வண்டியின் உடம்பு முழுவதையும் கேட்டார்.

செவ்வாய் மாலை வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. எலெக்ட்ரீஷியன் இரண்டாவது புகாருக்கு நேரே ‘சென்சார் சரியாக ஒலிக்கிறது’ என்று எழுதிவிட்டார். சத்தக்காவின் பேனா ‘காரணம்’ என்ற கட்டத்தின் மேல் வெகுநேரம் நின்றது. பிறகு, ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக, அவர் எழுதினார்: சத்தம் இல்லை.

கணக்கு சார் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர். நாலு மாத விவாதம் ஒன்று நல்லபடியாக முடிந்த நிம்மதிதான் அவர் முகத்தில் தெரிந்தது. “இப்ப எழுத்துலயே வந்தாச்சு. கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். விசாரிச்சாச்சு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு காது டாக்டர்கிட்ட உனக்கு நேரம் வாங்கி வச்சிருக்கேன். பயப்படாத, நானும் வர்றேன்.”

அவர் சாவியை வாங்கச் சென்றபோது அந்த அம்மாள் சத்தக்காவின் அருகில் வந்தார்.

“நீங்க நல்லாத் தேடினீங்களா?”

“ரெண்டு நாளும் தேடினேன் மேடம்.”

“அப்போ எனக்குக் கேட்டது என்ன?”

சத்தக்கா சீட்டில் இருந்த ஆறு பதில்களையும் மறுபடி பார்த்தார்.

“ஒரு தடவ ஒரு போன் வந்துச்சு” என்றார் அம்மாள். “யாரும் பேசல. மூச்சுகூட இல்ல. ஆனா பின்னால தண்ணி விழற சத்தம், தொட்டி நிறைஞ்சு வழியற சத்தம் கேட்டுச்சு. வண்டி அனுப்பினேன். குளியலறைல ஒரு பொண்ணு விழுந்து கிடந்தா. பொழச்சுக்கிட்டா. அந்தக் காதை நம்பித்தான் நான் அந்த நாற்காலில உக்காந்திருக்கேன். இல்லாததைக் கேக்குற காதா அது இருந்தா? கேக்காத தெருப்பேரைக் கேட்டேன்னு வண்டிய எங்கயோ அனுப்பிட்டா?” அவர் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெட்செட்டைத் திருப்பிக் குடுத்துடுவேன். ரெக்கார்டு ரூமுக்கு மாத்திக் கேட்டு லெட்டர் எழுதி வச்சிருக்கேன். டாக்டர் என்ன சொன்னாலும் சரி. எனக்கே சந்தேகம் வந்தப்புறம் அந்த வேலை பாக்கக் கூடாது.”

வண்டி வாயிலைத் தாண்டிச் சென்றது. கரிநகல் சத்தக்காவின் கையில் இருந்தது. ஆயிரத்து நூற்று எண்பத்தாறு சீட்டுகளும் வண்டியைப் பற்றியவை. ஒரு மனிதரைப் பற்றித் தாம் எழுதிய முதல் சீட்டு இது என்பதும், அதைத் தாம் தெரியாமலேயே எழுதிவிட்டோம் என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை அவருடைய வார விடுமுறை. வீட்டின் முன்னறைதான் அவர் கணவரின் தையற்கடை. ஒரு மேசை, இரண்டு தையல் இயந்திரங்கள், சுவர் முழுக்க நூற்கண்டுகள். கணவர் ஒரு பள்ளிப்பைக்கு ரெக்சின் துணியில் அடிப்பாகம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். சத்தக்கா எதிரே அமர்ந்து, கரிநகலை முழங்காலில் விரித்து, ஆறு பதில்களையும் ஏழாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தாளு இன்னும் கொஞ்ச நேரத்துல உன்ன பாத்துக் கண்ணடிக்கும்” என்றார் தையற்காரர்.

“சும்மா இருங்க. இந்தப் பொம்பள பொய் சொல்லல. பொய் சொல்றவங்க சத்தத்தை இவ்வளவு சின்னதாச் சொல்ல மாட்டாங்க. பெருசாத்தான் சொல்வாங்க.”

“அப்போ உன் காதுக்கு வயசாயிடுச்சோ?”

“நீங்க முணுமுணுக்குறது அடுப்பங்கரை வரைக்கும் கேக்குது. காதுக்கு ஒண்ணும் ஆகல.”

தையற்காரர் சிரித்தபடி மிதியை அழுத்தினார். ரெக்சினின் பளபளப்பான பக்கம் இயந்திரத்தின் பாதத்துக்கு அடியில் இழுபட்டு நின்றது. கீச் என்றது. அவர் நிறுத்தினார். மேசையோரம் கிடந்த ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் பாதத்துக்கும் ரெக்சினுக்கும் இடையே செருகி, மறுபடி மிதித்தார். துணி வெண்ணெயாக நழுவியது. சத்தமே இல்லை.

சத்தக்கா எழுந்து நின்றுவிட்டார். “என்னங்க பண்ணீங்க இப்ப?”

“என்ன பண்ணேன்? தச்சேன்.”

“அந்தத் தாளு எதுக்கு?”

“ரெக்சின் எதுல பட்டாலும் ஒட்டி ஒட்டி இழுக்கும். இழுக்கும்போது கத்தும். நடுவுல வழுவழுன்னு ஒண்ணைப் போட்டா வாய மூடிக்கும். இருபது வருஷமா உன் எதிர்ல பண்றேன். இன்னைக்குத்தான் தெரியுதா?”

“பிளாஸ்டிக்” என்றார் சத்தக்கா. “மேல இருந்து கீழ இழுத்து, இடுக்குல செருகி… அட கடவுளே. நாங்களே அது வாயப் பொத்திட்டு, ஏன் பேச மாட்டேங்குறேன்னு ரெண்டு நாள் அடிச்சிருக்கோம்!”

அந்த வண்டியின் இருக்கை எதனால் ஆனது என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. அவர் அந்த இருக்கையைப் பார்த்ததே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் பட்டறையின் கவரைத்தான்.

சத்தக்கா போன் செய்து அழைக்க, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கணவனும் மனைவியும் மறுபடி வந்தார்கள். கணக்கு சார் பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லியிருந்தார். அதன் புளிப்பு முகத்தில் இருந்தது. வாயிலில் மேஸ்திரி இரண்டு பிளாஸ்டிக் கவர்களோடு தயாராக நின்றார்.

“கவர் வேணாம் மேஸ்திரி.”

“அக்கா, என்ன விளையாடுறீங்களா? கவர் இல்லாம கதவத் திறக்கக் கூடாது. ரூல் ரூல்தான். போட்டதே நான்தான்.”

“சரி, நாம திறக்க வேணாம். அவங்க வண்டி, அவங்களே திறக்கட்டும்.”

“வாடிக்கையாளர் சோதனை ஓட்டத்துல ஏறக் கூடாது. அதுவும் ரூல்.”

“சோதனை ஓட்டம்னு யார் சொன்னா? அவங்க ரெண்டு பேரும் வெளிய போறாங்க. போற வழியில என்னையும் ஏத்திக்கிறாங்க. விருந்தாளி பின்னால உக்காந்தா எந்த ரூல் உடையுது?”

மேஸ்திரி சற்று யோசித்தார். “விருந்தாளி கையில கிரீஸ் இருக்கா?” சத்தக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பள்ளிப் பிள்ளையின் நகத்தைப் பார்ப்பதைப் போல அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேஸ்திரி வழிவிட்டார்.

இருக்கைகளில் புத்தம் புதிய, கெட்டியான, மெருகேறிய ரெக்சின் உறை இருந்தது.

“இது எப்ப போட்டது சார்?”

“நாலு மாசம் ஆச்சு. கல்யாண நாளுக்கு இவங்களுக்காகப் போட்டேன். நல்லா இருக்கில்ல?”

“ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றார் சத்தக்கா.

கணக்கு சார் ஓட்டினார். அம்மாள் அவர் பக்கத்தில். சத்தக்கா பின்னிருக்கையின் நடுவில், உள்ளங்கைகளை முழங்கால்மேல் வைத்து, கண்ணை மூடி அமர்ந்தார். கிடங்குகளின் பின்சாலை வந்தது. முதல் வேகத்தடையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும், மெல்லியதாக, முடியும் இடத்தில் சற்றே மேலேறி, அது வந்தது.

கீ…ச்.

பின்சக்கரம் இறங்கும்போது இன்னொன்று. திங்கட்கிழமை அந்த அம்மாள் போட்டுக் காட்டிய அதே சத்தம், இம்மி பிசகாமல். அம்மாள் திரும்பவில்லை. அவருடைய தோள்கள் மட்டும் அசைவற்று நின்றன. யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காத்திருக்கும் தோள்கள்.

“வந்துச்சு மேடம்” என்றார் சத்தக்கா.

“என்ன வந்துச்சு?” என்றார் கணக்கு சார்.

“நிஜமா? எனக்காகச் சொல்லலையே?”

“ரெண்டு தடவ. ஏறும்போது இல்ல, இறங்கும்போது. போங்க சார், அடுத்ததுக்கு.”

மூன்றாவது வேகத்தடையைத் தாண்டியதும் சத்தக்கா, “இங்க ஒண்ணு” என்றார்.

“ரெண்டு” என்றார் அம்மாள். “ரெண்டாவது ரொம்பச் சின்னது. கியர் மாத்தின சத்தத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு.”

திரும்பி வந்து அதே தடையில் மறுபடி ஏறி இறங்கினார்கள். கியர் மாற்ற வேண்டாம் என்றார் சத்தக்கா. இரண்டுதான். ஒன்பது ஆண்டுகளில் தம்மைவிடக் கூர்மையான காது ஒன்றை முதல் முறையாகச் சந்தித்த மகிழ்ச்சியில் சத்தக்கா தொடையில் தட்டிக்கொண்டார்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்தார். முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே கியர்க் கம்பியைச் சுற்றி நிற்கும் பிளாஸ்டிக் பெட்டியைப் பட்டறையில் கன்சோல் என்பார்கள். புது உறை தடிமனாக இருந்ததால், ஆள் உட்கார்ந்ததும் இருக்கையின் விலா புடைத்து அந்தக் கன்சோலின் விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. இடுக்கில் துண்டைச் செருகினார். நான்காவது தடையில் சத்தம் இல்லை. உருவினார், ஐந்தாவதில் கீச். செருகினார், ஆறாவதில் இல்லை. ஏழாவதற்கு முன் அம்மாளை நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு உருவினார். விலா உள்ளே வாங்கிக்கொண்டது. சத்தம் இல்லை. அம்மாள் நிமிர்ந்தால் வண்டி வாயை மூடிக்கொள்ளத்தான் செய்தது.

“அப்போ நிஜமாவே இருக்கா?” என்றார் கணக்கு சார். அவருடைய குரலில் கேலி போய்விட்டிருந்தது. “நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தலையாட்டுறீங்க. நான் கூர்ந்துதான் கேட்டேன். எனக்கு மட்டும் ஏன்…”

பதிலைப் பட்டறையே கொடுத்தது. உள்ளே நுழைந்ததும், வண்டியைப் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்துமாறு மேஸ்திரி கைகாட்டினார். கணக்கு சார் ரிவர்ஸ் போட்டார். வீட்டில் வழக்கமாக அம்மாள் முன்னதாகவே இறங்கி கேட்டைத் திறக்கப் போய்விடுவார். இன்று உள்ளேயே இருந்தார். சென்சார் ஒலித்தது. பீப்… பீப்… பிறகு இடைவெளி குறைந்து பீப் பீப் பீப் என்று கத்தியது.

“சார், நிறுத்துங்க” என்றார் சத்தக்கா.

“ஏங்க! பீப் அடிக்குதுங்க!” என்றார் அம்மாள்.

“எங்க அடிக்குது? அதான் அன்னைக்கே சொன்னேனே, சென்சார் வேலை செய்…”

வண்டியின் பின்புறம் பழைய டயர் அடுக்கில் போய் மெத்தென்று சாய்ந்தது. மேலிருந்த டயர் ஒன்று உருண்டு, மேஸ்திரியின் காலடியில் வட்டமடித்துப் படுத்தது. சென்சார் இன்னும் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. கணக்கு சார் இரண்டு பெண்களின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கணக்கின் கடைசி வரி விடையோடு பொருந்தாதபோது மேலே மேலே போய்ப் பார்க்கும் பார்வை அது.

“இப்பவும் அடிக்குதா?” என்று கேட்டார் மெதுவாக.

“அடிக்குதுங்க” என்றார் அம்மாள், அதைவிட மெதுவாக.

மேஸ்திரி ஏதோ பழமொழி சொல்ல வாயெடுத்தார். சத்தக்கா பார்த்த பார்வையில் அது தொண்டைக்குள்ளேயே இறங்கியது.

கணக்கு சார் இயந்திரத்தை அணைத்தார். “கீச், பீப் மாதிரி உச்சத்துல வர்ற சத்தம் மட்டும் எனக்குக் கேக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? கேக்காதது இல்லாததுன்னுதானே நினைப்போம்” என்றார். பிறகு, நேர்மையான மனிதராகையால், மனைவியின் பக்கம் முழுதாகத் திரும்பினார். “நாலு மாசம். தப்பு என் பேர்லதான்.”

“விடுங்க. வாங்கி வச்ச டாக்டர் நேரம் வீணாப் போகக் கூடாது. பயப்படாதீங்க, நானும் வர்றேன்” என்றார் அம்மாள்.

கன்சோலின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு ஃபெல்ட் பட்டை ஒட்டியதோடு வைத்தியம் முடிந்தது. அதற்கு ஆன நேரம் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்குள் சத்தக்கா அலமாரியிலிருந்து மூலச் சீட்டை எடுத்துவந்து, தம்மிடமிருந்த கரிநகலின் மேல் கரித்தாளோடு வைத்தார். கிழிக்கவில்லை, கிழிப்பது அவர் வழக்கமல்ல. ‘சத்தம் இல்லை’ என்பதன் மேல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு இழுத்து, கீழே எழுதினார்: மேற்கண்டது தவறு. சத்தம் முதல் நாளிலிருந்தே இருந்தது. பட்டறை மாட்டிய கவர் அதை மறைத்தது. சொன்னவர் சரியாகவே சொன்னார். தேதியிட்டு, முழுக் கையெழுத்தும் போட்டு, நகலை அம்மாளிடம் நீட்டினார்.

அம்மாள் அதை நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தார். கைப்பையிலிருந்து நான்காக மடித்த வேறொரு தாளை எடுத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல், எண்ணெய்த் துணிகள் போடும் தொட்டியில் போட்டார். அது என்ன தாள் என்று சத்தக்காவுக்குத் தெரியும். சீட்டின் நகலை அதே இடத்தில் வைத்துப் பையை மூடினார்.

“நாளைக்கு மதியம் ரெண்டு மணி ஷிப்ட்” என்றார். “டாக்டர்கிட்ட இவரைக் காட்டிட்டு நேரா போயிடுவேன்.”

மறுவாரம் புதுச் சீட்டுகள் அச்சுக்குப் போயின. அவற்றில் ஏழாவது கேள்வி ஒன்று இருந்தது: சத்தம் கேட்டபோது வண்டிக்குள் யார் யார், என்னென்ன இருந்தன? மேஸ்திரியும் தம் சட்டத்தைத் திருத்தினார். சத்தச் சீட்டு போட்ட வண்டிக்கு மட்டும், அக்கா கை காட்டும் வரை, கவர் கிடையாது. “அக்காவும் முதல்ல கைய காட்டணும். ரெண்டு பக்கமும்” என்று ஒரு துணைவிதியையும் சேர்த்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், அதே வண்டி வாயிலில் நின்றது. கணக்கு சார் இறங்கினார். இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் அவரைக்கொட்டை அளவுக்குக் காதுக் கருவி. அம்மாள் மறுபக்கம் இறங்கி, வண்டிக்கூரையில் முழங்கை ஊன்றி, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

“மூணு நாளா மனுஷன் தூங்கல” என்றார் அம்மாள். “வீட்டு ஃபேன் கத்துதாம். பீரோக் கதவு கத்துதாம். அவர் செருப்பே கத்துதாம். எத்தனை நாளா இப்படிக் கத்துதுன்னு என்னைக் கேக்குறார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆறு வருஷமான்னு சொன்னேன்.”

கணக்கு சார் சட்டைப்பையிலிருந்து எண்ணிட்ட தாள் ஒன்றை எடுத்தார். வண்டியில் மட்டும் ஒன்பது சத்தங்கள். எதற்கும் அடைப்புக்குறிக்குள் ‘இருந்தால்’ என்று போடவில்லை.

சத்தக்கா ஒன்பது புதுச் சீட்டுகளை எண்ணி எடுத்து, கரித்தாள் வைத்து, பேனாவைத் திறந்தார்.

“முதல் சத்தம் சார். வாயால போட்டுக் காட்டுங்க.”

வரவேற்பறையில் ஏழு பேர் இருந்தார்கள். கணக்கு சார் ஒரு முறை தொண்டையைச் செருமினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற கம்பீரத்தோடு நிமிர்ந்து, கணீரென்று சொன்னார்:

“கீச்.”